நிலாவெளி ஹோட்டல் வேலையை விட்டுக் கொழும்புக்குப் போகலாமா?

உப்புவெளியான்:

எனக்கு 38 வயது. திருகோணமலைக்குப் பக்கத்தில் நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் டியூட்டி மனேஜர். மனுசி விஞ்ஞான ஆசிரியை, மாகாணப் பாடசாலையில் 11 வருட சேவை. மகள் நாலாம் ஆண்டு, மகனுக்கு மூன்று வயது. அம்மாவும் எங்களோடுதான். உப்புவெளியில் அப்பா கட்டிய வீடு, நல்ல தண்ணீர்க் கிணறு, பின் வளவில் கொஞ்சம் தென்னை. வாடகை கட்டிய பழக்கம் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இல்லை.

இப்போது கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டலில் அசிஸ்டன்ட் ஃபுரொன்ட் ஒபிஸ் மனேஜராகக் கேட்கிறார்கள். நேர்முகம் முடிந்துவிட்டது. இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

கணக்கு இப்படி. அங்கே அடிப்படைச் சம்பளம் 95,000. சேர்விஸ் சார்ஜ் மாதம் 50,000க்குக் குறையாது என்கிறார்கள். அதை எழுத்தில் தரமாட்டார்கள், எந்த ஹோட்டலும் தருவதில்லை. இங்கே அடிப்படை 58,000. சேர்விஸ் சார்ஜ் ஜூலை, ஆகஸ்டில் 70,000 தாண்டும். ஆனால் வாடைக்காற்று தொடங்கி மழை பிடித்துவிட்டால் நவம்பர், டிசம்பரில் 8,000, 9,000தான். ஹோட்டல் தொழில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: விருந்தினரின் பில்லில் போடும் 10 வீதத்தைத்தான் மாதக் கடைசியில் ஊழியருக்குப் பிரிக்கிறார்கள். அறை காலி என்றால் எங்கள் பொக்கெற்றும் காலி. கிழக்குக் கரைக்கு ஆள் வருவது மே தொடக்கம் செப்டெம்பர் வரைதான். வருடம் முழுவதற்கும் சராசரி போட்டால் மாதம் 35,000 வரும்.

ஆக இப்போது எனக்கு 93,000, மனுசிக்குக் கையில் 60,000. வீட்டுக்கு வருவது 153,000, வாடகை இல்லை. கொழும்பில் எனக்கு 145,000. மனுசிக்கும் அங்கே இடமாற்றம் கிடைத்தால் 205,000. வெள்ளவத்தையில் விசாரித்த இரண்டு அறை வீடுகளில் 110,000க்குக் கீழே ஒன்றும் சரிவரவில்லை. வத்தளைப் பக்கம் 65,000 சொன்னார்கள். வத்தளை என்று வைத்தாலும் மிஞ்சுவது 140,000. இடமாற்றம் கிடைக்காமல் அவள் வேலையை விட்டால் 80,000. அதாவது கணக்குப்படி போகவே கூடாது.

பிறகு என்ன கேள்வி என்பீர்கள். எனக்குப் போக வேண்டும் போலிருக்கிறது, அதுதான் கேள்வி.

எங்கள் ஹோட்டலில் எனக்கு மேலே இரண்டு கதிரை. இரண்டுக்கும் ஆள் எப்போதும் கொழும்பிலிருந்துதான் வருகிறது. வருகிறவருக்கு நான் சிஸ்டம் பழக்குவேன், பழைய வாடிக்கையாளர்களை அறிமுகப்படுத்துவேன், புறாமலைத் தீவுப் படகுக்காரர்களில் யாரை நம்பலாம் என்று சொல்லிக்கொடுப்பேன். கொஞ்ச நாளில் அவர் மாலைதீவுக்குப் போய்விடுவார். அடுத்தவர் வருவார், திரும்பவும் தொடக்கத்திலிருந்து. நான் கேட்டால் “உனக்கு சிற்றி ஹோட்டல் அனுபவம் இல்லையே” என்பார்கள். நாற்பது தாண்டினால் சிற்றி ஹோட்டலும் எடுக்காது.

இன்னொன்று, பயம். 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள் வெடித்தபோது எங்களுக்கு சீசன் தொடங்கும் நேரம். வந்த புக்கிங் எல்லாம் ரத்து. அடுத்த வருடம் கொரோனா. 2022இல் பெற்றோல் இல்லை, கரண்ட் இல்லை. கொழும்பு ஹோட்டல்களும் அடிவாங்கின, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர்களுக்குக் கலியாணம், கூட்டம், மாநாடு என்று வேறு வழி இருக்கிறது. எங்களுக்குக் கடலை விட்டால் ஒன்றும் இல்லை.

மனுசி ஈச்சிலம்பற்றுக்கு வருடக்கணக்கில் விடியப்புறம் பஸ் ஏறிப் போய்வந்தவள். இப்போதுதான் டவுனுக்குக் கிட்டப் பாடசாலை கிடைத்திருக்கிறது. அவள் “போகாதீங்கோ” என்றும் சொல்லவில்லை, “போவம்” என்றும் சொல்லவில்லை. அம்மா மட்டும் தெளிவு: “நீங்கள் போங்கோ, நான் இந்தக் கிணத்தடிய விட்டு வரமாட்டன்.” அவருக்குச் சீனி, பிரஷர் இரண்டும் இருக்கிறது. மாதாமாதம் கிளினிக்.

மகள் அடுத்த வருடம் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை எழுத வேண்டும். குடும்பமாகப் போவதா, நான் மட்டும் போவதா, இல்லை பேசாமல் இங்கேயே இருப்பதா? இங்கிருந்து போனவர்கள், போய்த் திரும்பி வந்தவர்கள் சொல்லுங்கள். “கனடா போ” என்று யாரும் எழுத வேண்டாம், அதை வீட்டில் மாமா தினமும் சொல்கிறார்.


வெள்ளவத்தை மாடிவீடு:

தம்பி, நானும் உவர்மலைப் பிள்ளைதான். கலியாணம் முடித்து இங்கே வந்து இரண்டு பிள்ளைகளையும் கொழும்பில்தான் வளர்த்தேன்.

வாடகையை மாதக் கணக்காகப் பார்க்கிறீர்கள். இங்கே வீட்டுக்காரர் ஆறு மாதமோ ஒரு வருடமோ முற்பணம் கேட்பார். அந்தக் காசை முதலில் எங்கே புரட்டப் போகிறீர்கள்? அதற்கு மேல் மாடிவீடு என்றால் மாதம் பராமரிப்புக் காசு. லிஃப்ட், ஜெனரேட்டர், காவல்காரர், எல்லாம் அதற்குள். தண்ணீருக்கும் பில் வரும், கிணற்றுத் தண்ணீரில் குளித்துப் பழகிய வீட்டுக்கு அது புதுச் செலவு. பாடசாலை வான், டியூஷன் இரண்டும் திருகோணமலைக் கணக்கில் போடாதீர்கள்.

வத்தளையில் வாடகை குறைவு, உண்மை. ஆனால் அந்தப் பக்கத்துத் தமிழ் மொழிமூலப் பிள்ளைகள் நிறையப் பேர் கொட்டாஞ்சேனைப் பாடசாலைகளுக்கு வானில் போகிறார்கள். காலையில் பேலியகொடை நெரிசலுக்குள் பிள்ளை வானிலேயே தூங்கும். நீங்கள் இரவு ஷிஃப்ட் முடிந்து வர என்ன வழி என்றும் பாருங்கள், ஹோட்டல் வாகனம் விடுமா, விட்டால் எந்த ஊர் மட்டும் என்று கேளுங்கள்.

மகளின் பாடசாலை விஷயம். ஐந்தாம் ஆண்டில் பாடசாலை மாற்றிப் பிள்ளையைக் குழப்ப வேண்டாம், இது என் கருத்து. அங்கேயே எழுதட்டும். ஆறாம் ஆண்டுக்குப் பெரிய பாடசாலைகள் எடுப்பது புலமைப்பரிசில் புள்ளியை வைத்து, பாடசாலைக்கு ஒரு வெட்டுப்புள்ளி, மொழிக்கு ஒரு வெட்டுப்புள்ளி. புள்ளி இருந்தால் திருகோணமலையில் இருந்துகொண்டே கொழும்புப் பாடசாலைக்கு விண்ணப்பிக்கலாம். முன்கூட்டியே வந்து இங்கே குடியிருந்தால் அதில் ஒரு சலுகையும் இல்லை.

மகனுக்குத்தான் சிக்கல். முதலாம் ஆண்டு அனுமதிக்குப் பாடசாலைக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறீர்கள், எத்தனை வருடமாக வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறது என்று ஐந்து வருடத்துக்குப் பார்த்துப் புள்ளி போடுவார்கள். சொந்த வீட்டுக்காரருக்குப் புள்ளி கூட, வாடகைக்காரருக்கு அதைவிடக் குறைவு. உங்கள் மகனுக்கு இன்னும் இரண்டு வருடம்தான். இன்றைக்கே வந்தாலும் ஐந்து வருடப் பதிவு வராது.

குறை மட்டும் சொல்லவில்லை. எங்கள் இரண்டு பிள்ளைகளும் மூன்று மொழியும் கூச்சமில்லாமல் கதைப்பார்கள். தமிழ்ச் சங்க நூலகம் நடந்து போகிற தூரம். சங்கீதமா, நடனமா, நீச்சலா, தெருவுக்கு ஒரு ஆசிரியர். இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பத்து நிமிடத்தில் டொக்டர் முன்னால் இருப்பேன். இதற்காகத்தான் இவ்வளவு வாடகையும் கொடுத்துக்கொண்டு இருக்கிறோம். மீன் மட்டும் மனதுக்குப் பிடிக்கவில்லை. ஐஸில் கிடந்த அறுக்குளாவை “இப்ப வந்தது அக்கா” என்று என்னிடமே விற்கப் பார்ப்பார்கள்.


பழைய அதிபர்:

மகன், நான் கல்விப் பகுதியில் இருந்து ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் தம்பலகாமம். காசுக் கணக்கை மற்றவர்கள் பார்க்கட்டும். “மனுசிக்கும் இடமாற்றம் கிடைத்தால்” என்று அரை வரியில் கடந்து போய்விட்டீர். உம்முடைய கதை முழுவதும் அந்த அரை வரியில்தான் இருக்கிறது.

மாகாணப் பாடசாலை ஆசிரியர் என்றால் அவர் கிழக்கு மாகாணத்தின் ஆள். மேல் மாகாணம் “எங்களிடம் வெற்றிடம் இருக்கிறது” என்று சொன்னால் மட்டும் போதாது. கிழக்கு மாகாணம் “விடுவிக்கிறோம்” என்று சொல்ல வேண்டும். விஞ்ஞானம், கணிதம், ஆங்கிலம் மூன்றுக்கும் பதில் ஆள் இல்லாமல் லேசில் விடமாட்டார்கள். விடக்கூடாது என்றுதான் நானும் கதிரையில் இருந்த காலத்தில் குறிப்பு எழுதினேன், ஏனென்றால் வெருகலில் ஒரு பாடசாலை விஞ்ஞான ஆசிரியர் இல்லாமல் கிடந்ததை என் கண்ணால் பார்த்தவன். அதிபர், வலயக் கல்வி அலுவலகம், மாகாணத் திணைக்களம் என்று கடிதம் மேலே ஏறும். எப்போது இறங்கும் என்று கேட்காதேயும்.

சுருக்கமான வழி ஒன்று உண்டு. கொழும்பில் படிப்பிக்கிற, திருகோணமலைக்கு வர விரும்புகிற தமிழ் மொழிமூல விஞ்ஞான ஆசிரியர் ஒருவரைத் தேடிப் பிடியும். இருவரும் சேர்ந்து பரஸ்பர இடமாற்றம் கேட்டால் இரண்டு பக்கமும் ஆள் குறையாது, மறுக்கக் காரணமும் குறையும். கொழும்பில் கலியாணம் கட்டிய நம்முடைய ஊர்ப் பிள்ளைகளில் அம்மா அப்பாவைப் பார்க்க வர விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். தற்காலிக இணைப்பு என்று யாராவது ஆசை காட்டினால் அதை நம்பி வீடு எடுக்க வேண்டாம், எந்தத் தவணையிலும் ரத்தாகும்.

ராஜினாமா என்ற சொல்லை வீட்டில் எடுக்கவே வேண்டாம். 11 வருட சேவை. விட்டால் பென்சன் போய்விடும். உம்முடைய சேர்விஸ் சார்ஜ் மழைக்குக் கரைகிற சாமான், அவருடைய சம்பளம் அப்படி இல்லை. 2020இல் ஹோட்டல் பூட்டிக் கிடந்தபோது உங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது யாருடைய சம்பளத்தில் என்று நான் கேட்கத் தேவையில்லை.

இனி, ஒருவரும் சொல்லாத விஷயம். பல்கலைக்கழக அனுமதி. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட சனத்தொகைப்படி, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பதினாறில் ஒன்று, கொழும்பு இல்லை. அதனால் மருத்துவத்துக்கு நம்முடைய மாவட்ட வெட்டுப்புள்ளி கொழும்பை விடக் குறைவாக வருவதுதான் வழக்கம். எந்த மாவட்டம் என்பதை அடையாள அட்டை விலாசத்தை வைத்து முடிவெடுப்பதில்லை. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று வருடம் பிள்ளை எங்கே படித்தது என்று பார்ப்பார்கள். ஆகவே இப்போது போனாலும் பத்தாம் ஆண்டுக்கு முன் யோசிக்க நேரம் இருக்கிறது. மகள் கெட்டிக்காரி என்றால் இதை எங்கேயாவது எழுதி வையும்.


கோணமலை மண்:

எல்லாரும் இப்படியே போனால் ஊர் யாருக்கு? வீட்டைப் பூட்டிவிட்டுப் போவீர்கள், பத்து வருடத்தில் வேலிக் கட்டை நகர்ந்திருக்கும், பிறகு காணி உறுதியைத் தூக்கிக்கொண்டு அரசாங்கக் கச்சேரிக்கும் கோர்ட்டுக்கும் அலைவீர்கள். சண்டைக் காலத்தில் போகாதவர்கள் இப்போது சம்பளத்துக்காகப் போவதா? சிவராத்திரி முடிந்து கோணேசர் நகர்வலம் வரும்போது வாசலில் நிறைகுடம் வைக்க உங்கள் வீட்டில் ஆள் இருக்காது.


உப்புவெளியான்:

கோணமலை மண்ணுக்கு: அண்ணா, நீங்கள் எந்த ஊரில் இருந்து எழுதுகிறீர்கள்? உங்கள் பழைய பதிவுகளில் பனி கொட்டுகிறது. அம்மா வீட்டை விட்டு அசையப் போவதில்லை, நிறைகுடம் இருக்கும். ஆனால் வேலி பற்றிச் சொன்னது உண்மை. எங்கள் ஒழுங்கையிலேயே பூட்டிக் கிடந்த காணி ஒன்றுக்கு வழக்கு நடக்கிறது. அதை நான் கணக்கில் எடுக்கிறேன்.

பழைய அதிபர் ஐயா, உங்கள் பதிலை மனுசிக்கு வாசித்துக் காட்டினேன். “விடக்கூடாது என்று குறிப்பு எழுதினேன்” என்ற இடத்தில் சிரித்தாள். பரஸ்பர இடமாற்றத்துக்கு ஆள் தேடும் வட்ஸ்அப் குழுவில் அவள் ஏற்கெனவே இருக்கிறாளாம், எனக்கு இப்போதுதான் தெரியும். ஆனால் ஐயா, ஒன்பது வயதுப் பிள்ளை ஒருநாள் உயர்தரத்தில் எடுக்கப்போகும் இசட் புள்ளியை வைத்து நான் எங்கே வாழ்வது என்று முடிவெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் இப்போதைக்கு மிருக வைத்தியர் ஆவேன் என்கிறாள், டவுனில் திரியும் மான்களுக்கு மருந்து கட்ட.


பழைய அதிபர்:

மிருக வைத்தியத்துக்கும் மாவட்ட வெட்டுப்புள்ளிதான்.


கிண்ணியா நானா:

தம்பி, நானும் ஹோட்டல்காரன்தான். பாசிக்குடா, நிலாவெளி எல்லாம் செய்து இப்போது பெந்தோட்டையில். மற்றவர்கள் பாடசாலை பற்றிச் சொல்லிவிட்டார்கள், நான் தொழில் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, அந்த 50,000. சேர்விஸ் சார்ஜைப் பிரிக்கும்போது உங்களுக்கு எத்தனை புள்ளி, அதாவது எவ்வளவு பங்கு, தருவார்கள் என்று கேட்டீர்களா? எங்கள் இடத்தில் புரொபேஷன் காலத்தில் முழுப் புள்ளி இல்லை. நிரந்தரமான பிறகுதான் முழுசாக வரும். ஆறு மாதத்துக்குப் பாதிப் பங்கு என்று வைத்தால் உங்கள் 145,000 வெறும் 120,000. அங்கே இப்போது வேலை செய்யும் ஒருவரிடம் கடந்த வருடத்துச் சம்பளச் சீட்டுகளைக் காட்டச் சொல்லுங்கள். மே, ஜூன் மாதத்துச் சீட்டைப் பாருங்கள். டிசம்பர் சீட்டைக் காட்டி எல்லாரும் ஏமாற்றுவார்கள்.

அடுத்தது ஈபிஎஃப், அதாவது ஊழியர் சேமலாப நிதி. ஊழியர் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12, ஈரிஎஃப் என்ற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3. எங்கள் ஹோட்டலில் சேர்விஸ் சார்ஜுக்கு இது ஒன்றும் இல்லை, அடிப்படையில்தான் போடுகிறார்கள். அந்த விதத்தில் 58,000 எங்கே, 95,000 எங்கே. மாதம் கையில் வருவதை மட்டும் பார்க்கிறவர்கள் இதை விட்டுவிடுவார்கள், 55 வயதில்தான் விளங்கும். வருமான வரி இப்போது மாதம் 150,000 வரை இல்லை, ஆகவே அதைப் பற்றிப் பெரிதாக யோசிக்க வேண்டாம்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். கிழக்கில் சீசன் மே முதல் செப்டெம்பர். தெற்கிலும் மேற்குக் கரையிலும் நவம்பர் முதல் ஏப்ரல். காற்று மாறும் திசைதான் எங்கள் சம்பளம். நான் கொஞ்சக் காலம் சீசனுக்கு நிலாவெளி, மழைக்கு பெந்தோட்டை என்று ஒப்பந்தத்தில் ஓடினேன். இரண்டு பக்கமும் நல்ல மாதச் சேர்விஸ் சார்ஜ் கிடைத்தது. ஆனால் நிரந்தரம் இல்லை, பதவி உயர்வும் இல்லை. 38 வயதில், அதுவும் டியூட்டி மனேஜர் செய்கிற வேலை இல்லை அது. வெயிட்டருக்கும் சமையல் ஆளுக்கும் சரி. நீங்கள் செய்யாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

உங்கள் “சிற்றி அனுபவம்” கதை நூறு வீதம் உண்மை. கொழும்பில் இரண்டு வருடம் அந்தப் பதவியில் இருந்தால் நிலாவெளிக்கே மனேஜராகத் திரும்பலாம், அதே ஹோட்டல் காரும் வீடும் கொடுத்துக் கூப்பிடும். இதைக் கேட்க எரிச்சல் வரும், எனக்கும் வந்தது. அங்கேயே இருந்தால் அந்தக் கதிரை கிடைக்காது, ஒருதரம் வெளியே போய் வந்தால்தான் கிடைக்கும். அதனால் குடும்பத்தைக் கிளப்பாமல் நீங்கள் போங்கள். ஊழியர் விடுதி இருக்கிறதா, சாப்பாடு எத்தனை நேரம் என்று கேளுங்கள். ஷிஃப்டில் மூன்று நேரச் சாப்பாடு கிடைத்தால் கொழும்பில் உங்கள் செலவு அறை வாடகைதான்.


இரவு ரயில்:

தனியாகப் போங்கள் என்று சொல்வது சுகம். நான் தனியாக இருக்கிறவன். கொட்டாஞ்சேனையில் அறை, மனுசியும் பிள்ளைகளும் சாம்பல்தீவில். வெள்ளி இரவு கோட்டையில் ரயில் ஏறினால் விடியத் திருகோணமலை. கல்லோயா தாண்டி யானைக்காக மெதுவாகத்தான் விடுவார்கள், பிந்தும். ஞாயிறு இரவு திரும்ப ஏற வேண்டும். பஸ் என்றால் ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக ஆறேழு மணித்தியாலம்.

நான் கந்தோர் ஆள், எனக்குச் சனி ஞாயிறு லீவு. ஹோட்டலில் உங்களுக்குச் சனி ஞாயிறுதான் வேலை கூட. உங்கள் லீவு செவ்வாய் புதன் என்று வந்தால் மகள் பாடசாலையில், மனுசி பாடசாலையில், நீங்கள் வீட்டில் அம்மாவோடு தொலைக்காட்சி பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள். பண்டிகைக்கு வரவே முடியாது. தீபாவளி, சித்திரை வருடப்பிறப்பு, பாடசாலை விடுமுறை, எல்லாம் ஹோட்டலுக்கு நிறைந்த நாள். இதைக் கிண்ணியா நானா சொல்லவில்லை.

மனுசியின் பக்கத்தையும் பாருங்கள். நான் போன பிறகு என் வீட்டில் காஸ் சிலிண்டர், மோட்டார் பழுது, மாமியின் கிளினிக், பிள்ளையின் பெற்றோர் கூட்டம் எல்லாம் ஒரு ஆளின் தலையில். அவள் வேலைக்கும் போகிறாள். நான் அனுப்புகிற மேலதிகக் காசில் பாதி, நான் இருந்தால் சும்மா செய்யக்கூடிய வேலைகளுக்கு ஆட்டோக்காரனுக்கும் மேசனுக்கும் போகிறது. “போகாதீங்கோ என்றும் சொல்லவில்லை, போவம் என்றும் சொல்லவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். என் மனுசியும் அப்படித்தான் இருந்தாள். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன், அது இல்லை. உட்கார்ந்து கேளுங்கள், வாயைத் திறந்து சொல்லும் வரை கேளுங்கள்.


உப்புவெளியான்:

எல்லாருக்கும் நன்றி. இரவு ரயில் அண்ணா சொன்னபடி உட்கார்ந்து கேட்டேன். நீண்ட நேரம் பிடித்தது.

அவள் சொன்னது இவ்வளவு. ஈச்சிலம்பற்றுக்கு ஓடிய காலத்தில் மகளுக்குத் தலை பின்னியது, சாப்பாடு கட்டியது எல்லாம் நானும் அம்மாவும்தானாம். இப்போது தன்னுடைய முறை என்கிறாள். ஆனால் அது எல்லையில்லாமல் போகக் கூடாது, இரண்டு வருடம் என்று ஒரு கணக்கு வேண்டும், அதற்குள் தனக்குப் பரஸ்பர இடமாற்றம் சரிவந்தால் எல்லாரும் கொழும்பு, சரிவராவிட்டால் நான் இங்கே திரும்ப வேண்டும். அப்போது எந்தக் கதிரை கிடைக்கிறதோ அது. வேலையை விடும் பேச்சு இல்லை. மகள் புலமைப்பரிசில் இங்கேயே எழுதட்டும். மகனை உப்புவெளியிலேயே முதலாம் ஆண்டில் சேர்ப்பது. அம்மாவின் கிளினிக் நாளுக்கு அவளுடைய தம்பி வருவான், அதற்கு அவனிடம் அவளே பேசிவிட்டாள். நான் யோசித்துக்கொண்டு இருந்த நாட்களில் அவள் பாதி ஏற்பாட்டை முடித்துவிட்டாள் போலிருக்கிறது.

கிண்ணியா நானா, ஹோட்டலுக்கு எடுத்துக் கேட்டேன். நீங்கள் சொன்னது சரி, புரொபேஷன் ஆறு மாதமும் புள்ளி குறைவுதான். சம்பளச் சீட்டு இன்னும் கைக்கு வரவில்லை, அங்கே வேலை செய்யும் மட்டக்களப்புப் பெடியன் ஒருவன் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறான். ஊழியர் விடுதி மனேஜர் தரத்துக்கு இல்லையாம், அறைக்கென்று சிறு தொகை தருவார்களாம். சாப்பாடு டியூட்டி நாளில் உண்டு. லீவை இரண்டு கிழமைக்கு ஒருதரம் நாலு நாளாகச் சேர்த்து எடுக்கலாமா என்று கேட்டதற்கு, “சேர்ந்த பிறகு பார்ப்போம்” என்றார்கள். இந்தப் பதிலை எப்படி எடுப்பது என்று தெரியும், நானும் அதே பதிலைப் புது ஆட்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அதை நியமனக் கடிதத்தில் எழுதினால் கையெழுத்துப் போடுவேன் என்று திருப்பி எழுதியிருக்கிறேன். பதில் வரட்டும்.

வெள்ளவத்தை அக்கா, ஒரு உதவி. கோட்டைப் பக்கம் ஹோட்டலுக்குப் போய்வர ஒரு தனி அறை எங்கே பார்க்கலாம்? கொட்டாஞ்சேனையா, கொம்பனித்தெருவா? இரவு பதினொரு மணிக்கு டியூட்டி முடிந்து வருவேன். சமையல் வசதி வேண்டாம், உடுப்புத் தோய்க்கவும் காயப்போடவும் இடம் வேண்டும்.


வெள்ளவத்தை மாடிவீடு:

கொம்பனித்தெரு கிட்டத்தான், நடந்தே வரலாம், ஆனால் அங்கே கேட்கும் வாடகைக்கு இப்போது அறை என்று தருவது அலுமாரி அளவு. கொட்டாஞ்சேனையில் வயதான தம்பதிகள் மேல்மாடி அறையை வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள், ஜம்பட்டா வீதிப் பக்கம் விசாரியுங்கள். இரவு பதினொன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பத்து மணிக்குக் கேற்றைப் பூட்டுகிற வீடுகள்தான் அதிகம். தனித் திறப்பு தருவார்களா என்று கேட்டுவிட்டு முற்பணத்தைக் கொடுங்கள். மொட்டை மாடியில் உடுப்புக் காயப்போட விடுவார்களா என்பதையும் கேளுங்கள், அதற்கும் சில வீட்டில் சண்டை வரும். அப்புறம், வரும்போது ஊரில் இருந்து கருவாடு கொண்டுவாருங்கள், அறை தேட நானும் ஒருநாள் கூட வருகிறேன்.